படம் கீறத் தெரியாமல் சித்திரக்கதை செய்ய: வன்னியில் கூட்டாளி ஓவியரைத் தேடும் வழி

வன்னியில் படம் கீறுபவர்களுக்குக் குறைவில்லை. கோயில் மண்டபச் சுவரில் மயிலும் வேலும் கீறியவர், முன்பள்ளிச் சுவரில் யானையும் முயலும் தீட்டியவர், கண்ணீர் அஞ்சலிப் பதாகை வடிவமைப்பவர், சாதாரண தரத்தில் சித்திரத்துக்கு ஏ எடுத்துவிட்டு இப்போது ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வரும் பிள்ளை என்று ஊருக்கு ஒருவராவது தேறுவார். ஆனால் இவர்களில் யாரும் தம்மைச் சித்திரக்கதை ஓவியர் என்று சொல்லிக்கொள்வதில்லை. அதனால் "சித்திரக்கதை கீறுபவர் யாராவது இருக்கிறீர்களா?" என்று முகநூலில் போட்டால் பதில் வராது. அப்படியே ஒருவர் வந்தாலும், "200 பக்கக் கதை இருக்கு" என்றதும் போய்விடுவார். அவர் போவதில் நியாயம் உண்டு. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரு வண்ணப் பக்கத்துக்கு, அமைப்பைத் தீர்மானிக்க ஒரு மணித்தியாலம், பென்சிலுக்கு மூன்று, மைக்கு மூன்று, நிறத்துக்கு மூன்று நான்கு என்று பத்து மணித்தியாலம் போய்விடும். பழக்கமில்லாத கைக்கு இன்னும் கூடும். 200 பக்கம் என்றால் 2000 மணித்தியாலம். வேலை முடிந்து இரவில் இரண்டு மணித்தியாலம் ஒதுக்குபவருக்கு அது 1000 நாள், ஏறக்குறைய மூன்று வருடம். அந்தக் கதையை எழுதியவர் இரண்டு மாதத்தில் எழுதி முடித்திருப்பார். இந்த ஏற்றத்தாழ்வை உணராமல் கேட்பதால்தான் பல கூட்டு முயற்சிகள் தொடங்கும் இடத்திலேயே முறிகின்றன.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது நான்கு பக்கம். கறுப்பு வெள்ளை. பக்கத்துக்கு மூன்று அகலக் கட்டங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. இப்படிச் செய்தால் ஒரு பக்கம் ஆறு மணித்தியாலத்துக்குள் அடங்கும். நான்கு பக்கம் 24 மணித்தியாலம், நாளுக்கு இரண்டு மணிப்படி பன்னிரண்டு நாள். ஒருவர் ஓம் என்று சொல்லக்கூடிய அளவு இதுதான். அகலக் கட்டங்களால் இன்னொரு வசதியும் உண்டு: கட்டம் கட்டமாக வெட்டி அடுக்கினால் போனில் மேலிருந்து கீழே உருட்டிப் படிக்கும் வடிவம் தானாக வந்துவிடும்.

ஓவியரிடம் போவதற்கு முன் அந்த நான்கு பக்கக் கதை முழுதாக எழுதி முடிந்திருக்க வேண்டும். "கதை மனசில இருக்கு, கீறக் கீறச் சொல்லுறன்" என்பவரோடு வேலை செய்ய யாருக்கும் பொறுமை கிடையாது. எழுதும் விதம் இப்படி:

பக்கம் 1, கட்டம் 1. விடியப்புறம், இரணைமடு வாய்க்கால் கரை. தூரக் காட்சி. அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறார், கரியரில் உரப்பை. பின்னால் ஒரு நாய். பேச்சு இல்லை.

கட்டம் 2. அருகுக் காட்சி. அப்பாவின் முகம் மட்டும், இடப்பக்கம் பார்க்கிறார். அப்பா: "தண்ணி திறந்துவிட்டாங்களோ?"

கட்டம் 3. வாய்க்காலுக்குள் வெடித்த மண். நாய் மோந்து பார்க்கிறது. பேச்சு இல்லை.

ஒரு கட்டத்தில் ஓர் அசைவுதான் கீறலாம். "அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கி வாய்க்காலை எட்டிப் பார்க்கிறார்" என்று எழுதினால் அது மூன்று கட்டம். புதிதாக எழுதுபவர்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் பிழை இதுதான். அடுத்தது, பேசும் ஒழுங்கு. முதலில் பேசுபவர் இடப்பக்கம் நிற்க வேண்டும். மாறி நின்றால் பேச்சுக் குமிழ்களின் வால்கள் ஒன்றையொன்று வெட்டும். மூன்றாவது, கூட்டம். 1803இல் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் பிரித்தானியரின் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியதைக் கதையாக்க ஆசைப்படுபவர்கள் பலர் இருக்கிறார்கள். "நூறு வீரர்கள் கோட்டை வாசலை உடைக்கிறார்கள்" என்று எழுத அரை நிமிடம் போதும். கீற மூன்று நாள் வேண்டும். அதே காட்சியை, உள்ளே இருக்கும் ஒரு காவலனின் கண்ணும், நடுங்கும் தாழ்ப்பாளும், கதவிடுக்கில் தெரியும் தீப்பந்த வெளிச்சமுமாக எழுதினால் ஒரு மாலைப்பொழுதில் கீறலாம், வாசகருக்கும் நெஞ்சு இடிக்கும். எழுதும்போதே கீறுபவரின் நேரத்தை நினைத்து எழுதுவது பெரிய திறமை. கீறத் தெரியாதவர் அவசியம் வளர்க்க வேண்டியதும் அதுதான்.

எழுதிய பிறகு நீங்களே குச்சி மனிதர்களாகக் கீறுங்கள். வட்டம் ஒன்று தலை, கோடு ஒன்று உடம்பு. அழகு தேவையில்லை; யார் எந்தப் பக்கம், எவ்வளவு அருகில், குமிழ் எங்கே என்பது தெரிந்தால் போதும். குமிழுக்கு இடமில்லாத கட்டம் இந்த நிலையிலேயே பிடிபடும். இந்தக் குச்சிப் படங்களை வெளியிடவும் வெட்கப்பட வேண்டாம். ஜப்பானில் ஒன் என்ற புனைபெயர்க்காரர் 2009இல் மிக எளிய, கோணல் மாணலான கோடுகளில் இணையத்தில் 'ஒன் பஞ்ச் மேன்' கதையைத் தொடங்கினார். ஏற்கெனவே பெயர்பெற்றிருந்த ஓவியர் யூசுகே முராட்டா அதைப் படித்துவிட்டுத் தானாகவே தொடர்புகொள்ள, 2012 முதல் முராட்டாவின் படங்களோடு அது மறுபடி வெளிவரத் தொடங்கியது. கதை ஓடுகிறது என்று கண்ணால் கண்ட ஓவியர் கிட்ட வருவார்.

இனி எங்கே தேடுவது. ஆளின் பழக்கத்துக்குக் கதையைப் பொருத்த வேண்டும் என்பதை மறந்துவிடாமல் தேடுங்கள்.

கோயில் வர்ண வேலை செய்பவர்களின் கோடு உறுதியானது. தயக்கமில்லாமல் ஒரே இழுப்பில் வரும். கை முத்திரை, துணி மடிப்பு, மிருகங்கள் மூன்றும் நன்றாக வரும். முகங்கள் நேராகப் பார்த்தபடி, ஒரே சாயலில் இருக்கும்; குந்தியிருந்து வெங்காயம் உரிக்கும் மனுசி, பஸ்ஸில் தூங்கி விழும் பொடியன் போன்ற அன்றாட நிலைகளில் கை தடுமாறும். நாட்டார் கதைகள், காட்டுக் கதைகள், கண்ணகி வழிபாட்டோடு தொடர்பான கதைகள் இவர்களுக்குச் சரி. தேவாலயச் சுரூபங்களுக்கு வர்ணம் தீட்டும் மன்னார்ப் பக்கத்தவர்களுக்கு முகபாவம் இன்னும் நன்றாக வரும்.

பதாகைக் கடைகளில் இருப்பவர்களுக்கு எழுத்து, நிறம், இடம் பிரிப்பது எல்லாம் கைவந்த கலை. மனித உருவத்தைப் படத்திலிருந்து வெட்டி எடுத்தே பழகியிருப்பதால் கீறச் சொன்னால் பின்வாங்குவார்கள். அவர்களை நிறத்துக்கும் எழுத்து வேலைக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கதைக்கு ஒரே ஆள்தான் எல்லாம் செய்ய வேண்டும் என்று விதியில்லை.

உயர்தரத்தில் சித்திரம் படித்தவர்கள் பென்சில் நிழல் தருவதில் வல்லவர்கள், மைக்கோட்டில் பயந்தவர்கள். மையே வேண்டாம், பென்சிலோடு விடுங்கள் என்று சொல்லிவிட்டால் அழகான வேலை வரும். மருதனார்மடத்திலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் ஆற்றுகை, காண்பியக் கலைகள் பீடத்திலும், மட்டக்களப்பு கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் படிக்கும் வன்னிப் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வருவார்கள்.

இவர்களை எல்லாம் அறிந்த ஆட்கள் இருவர் உண்டு. வலயக் கல்வி அலுவலகத்துச் சித்திரபாட ஆசிரிய ஆலோசகருக்குத் தன் வலயத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளைக்குக் கை இருக்கிறது என்று தெரியும். துணுக்காய், மடு போன்ற பரந்த வலயங்களில் அலைச்சலைக் குறைக்க இதைவிட வழியில்லை. மற்றவர் பிரதேச செயலகத்துக் கலாசார உத்தியோகத்தர். பிரதேசக் கலாசாரப் பேரவை வெளியிடும் விழா மலரை எடுத்து அட்டைப்படம் யார் கீறியது என்று பாருங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையென்றால் ஆசிரியரும் பெற்றோரும் தெரிந்திருக்க, அவர்கள் வழியாகவே பேசுங்கள். காசையும் பெற்றோரிடம் கொடுங்கள். பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம் அந்த வீட்டுப் படலையைத் தட்டவே வேண்டாம்.

காலம் பார்ப்பதும் முக்கியம். வைகாசி, ஆனியில் திருவிழாவும் கும்பாபிஷேகமும் நெருங்க, கோயில் ஓவியர் சாரக்கட்டை விட்டு இறங்கமாட்டார். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்திலும் தேர்தலிலும் பதாகைக் கடைக்காரருக்கு நித்திரை இல்லை. தை, மாசியில் பெரும்போக அறுவடை. ஐப்பசி பிற்பகுதியிலிருந்து மார்கழி வரை மழை வெளிச்சுவர் வேலையை நிறுத்திவிடும். கை சும்மா இருக்கும், வருமானமும் இருக்காது. சித்திரக்கதைக்கு வன்னியில் உகந்த காலம் மாரிதான். கேட்பதைப் புரட்டாதியிலேயே கேட்டுவிடுங்கள்.

கேட்கும் செய்தி சிறியதாக, எல்லாக் கணக்கும் உள்ளதாக இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

"வணக்கம் அண்ணை. சந்திப் பிள்ளையார் கோயில்ல நீங்கள் கீறின யானை பாத்தன், முன்கால் மடக்கின விதம் நல்லாப் பிடிச்சுது. நாலு பக்கச் சித்திரக்கதை ஒண்டு எழுதி முடிச்சிருக்கிறன், மொத்தம் 12 கட்டம், கறுப்பு வெள்ளை. முதல் ஒரு பக்கத்தை மட்டும் காசுக்குக் கீறிப் பாப்பமா? பக்கத்துக்கு எவ்வளவு எண்டு நீங்களே சொல்லுங்கோ. கார்த்திகை முடிய முதல் எண்டால் காணும். கதையையும் என்ர குச்சிப் படத்தையும் இதோட அனுப்பியிருக்கிறன்."

இதில் யானையின் முன்கால் முக்கியம். அவருடைய வேலையை உண்மையாகப் பார்த்திருக்கிறீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. பத்துப் பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு கிழமையில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் கரைச்சல் கொடுக்கக் கூடாது.

சோதனைப் பக்கத்துக்கும் காசு கொடுக்க வேண்டும். அதில் எதைப் பார்ப்பது? புகைப்படத்தைப் பார்த்து அச்சாகக் கீறும் திறமை சித்திரக்கதைக்குப் போதாது. ஒரே ஆளை நேராகவும் பக்கவாட்டிலும் முக்கால் திருப்பத்திலும் கீறும்போது அதே ஆளாகத் தெரிகிறாரா? இரண்டு பேர் கதைக்கும்போது ஒருவரையொருவர் பார்க்கிறார்களா? கையில் ஐந்து விரலும் ஏதாவது வேலை செய்கின்றனவா? பின்னணி இருக்கிறதா, வெறும் வெள்ளையா? இந்த நான்கிலும் தேறியவர் மற்றதை வேலையோடு வேலையாகப் பழகிக்கொள்வார்.

எவ்வளவு கொடுப்பது என்று தெரியாவிட்டால் அவருடைய வழக்கமான நாள்கூலியைக் கேளுங்கள். ஆறு மணித்தியாலப் பக்கம் ஏறக்குறைய ஒரு நாள் வேலை, அதுவே அடிவிலை. பக்கம் கைக்கு வரும்போதே காசும் போக வேண்டும். "வெளிவந்து உழைச்சால் பாதி தாறன்" என்பதைக் கொடுப்பனவாக எண்ண வேண்டாம். உண்மையிலேயே காசு இல்லையென்றால் கதையின் உரிமையில் சரிபாதியை எழுதிக் கொடுங்கள், அதுவும் நான்கு பக்கத்துக்கு மட்டும்.

எழுத்தில் ஒப்பந்தம் என்றதும் நம்பிக்கையில்லையோ என்று முகம் கோணுபவர்கள் உண்டு. ஒரு பக்கத் தாளில் எளிய தமிழில் எழுதினால் அந்தச் சங்கடம் வராது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. படைத்தவரின் ஆயுள் முழுதும், அதன்பின் 70 வருடமும் அது நிலைக்கும். எனவே பேரப்பிள்ளைகள் காலம்வரை போகும் விஷயம். கதை யாருடையது, படம் யாருடையது, புத்தகமானால் பங்கு எவ்வளவு, மூலப் படத்தாள் யார் வீட்டில் இருக்கும், ஒருவர் விலகினால் மற்றவர் வேறு ஆளோடு தொடரலாமா, திருத்தம் எத்தனை தடவை என்பவற்றை எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். திருத்தம் பென்சில் நிலையில் இரண்டு தடவை இலவசம், மை போட்ட பிறகு ஒவ்வொன்றுக்கும் காசு என்பது நியாயமான வழக்கம். விலகினால் என்ன என்ற வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், பிறகு அதில்தான் சண்டை வருகிறது.

பெயர் போடுவதையும் அந்தத் தாளிலேயே தீர்மானியுங்கள். போர்க்காலம், காணாமற்போனோர், காணி பற்றிய கதைகளில் ஓவியரின் குடும்பம் பெயர் வெளிவருவதை விரும்பாமல் இருக்கலாம். புனைபெயரா, பெயரே வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும், வற்புறுத்தக் கூடாது. இழப்பு நேர்ந்த வீட்டுப் படங்களை அவர்களிடம் கேளாமல் மாதிரியாக அனுப்பவும் கூடாது.

கீறத் தெரியாதவர் செய்யக்கூடிய பெரிய உதவி மாதிரிப் படம் எடுத்துக் கொடுப்பது. ஓவியர் சென்னையிலோ ரொறன்ரோவிலோ இருந்தால் இது இல்லாமல் நடக்கவே நடக்காது; பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டியும் என்று அவருக்குத் தெரியாது, சிவப்பு இ.போ.ச. பஸ் தெரியாது, லான்ட்மாஸ்டர் என்ற இரு சில்லு உழவு இயந்திரத்தின் நீண்ட கைபிடி தெரியாது. பாலையும் வீரையும் அவருக்கு வெறும் மரம். ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம், தரையில் குந்தி ஒன்று, வாசலுக்குள்ளிருந்து வெளியே பார்த்து ஒன்று என ஆறு படம் எடுங்கள். வீட்டுத்திட்ட வீட்டின் யன்னல் எந்தப் பக்கம், கிணறு எவ்வளவு தூரம் என்று ஒரு தரைப்படமும் சேர்த்தால் ஐந்தாவது பக்கத்தில் கிணறு இடம் மாறாது. இராணுவ முகாம், சோதனைச் சாவடிப் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். செயற்கை நுண்ணறிவில் செய்த படத்தை மாதிரியாக அனுப்புவதையும் தவிர்த்துவிடுங்கள். ஓவியர் மனம் நோவார், அந்தப் படத்தில் இருக்கும் வீடும் வன்னி வீடாக இருக்காது.

தாளில் கீறுபவர்களுக்குப் போட்டோப்பிரதித் தாள் வேண்டாம், மை பரவும். பிறிஸ்டல் போட் என்ற தடித்த மட்டையை ஏ4 அளவுக்கு வெட்டிக் கொடுங்கள். மாரியில் அது ஈரம் இழுத்து வளையும், ஆகவே பொலித்தீன் பைக்குள் தட்டையாக வைக்கச் சொல்லுங்கள். கொமினிகேசன் கடையில் ஸ்கேன் பண்ணும்போது 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), பி.என்.ஜி. கோப்பாகக் கேளுங்கள், சொல்லாவிட்டால் நெருக்கிய பிடிஎஃப் ஆகத்தான் தருவார்கள். ஏ4 தாள் அந்த அளவில் 2480க்கு 3508 பிக்சல் வரும், போதும். போனில் கீறுபவர்கள் பெரும்பாலும் ஐபிஸ்பெயின்ட் என்ற கீறும் செயலியை வைத்திருப்பார்கள். கணினி இருந்தால் கிரிட்டா என்ற கீறும் மென்பொருள் இலவசம். போனில் முழு அத்தியாயத்தையும் ஒரே நீளத் தாளில் தொடங்கினால் நினைவகம் போதாமல் அடுக்குகளின் எண்ணிக்கை குறையும், போன் திணறும். 1600க்கு 2560 பிக்சல் துண்டுகளாகப் பிரித்துக் கீறச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்ப வேண்டும். படமாக அனுப்பினால் நெருக்கப்பட்டுக் கோடெல்லாம் மசமசவென்று ஆகிவிடும். இதனால் பாழான பக்கங்கள் ஏராளம்.

எழுத்து வேலையை நீங்களே செய்யுங்கள். ஓவியருக்கு இது சுமை, உங்களுக்குப் பழகக்கூடிய வேலை. இங்கே பதாகைக் கடைகளில் இன்னும் பாமினி எழுத்துருதான் ஆட்சி செய்கிறது. பாமினியில் தட்டியதை யுனிகோட் எழுத்துருவுக்கு மாற்றினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், முதலில் எழுத்துரு மாற்றியில் போட்டு எடுக்க வேண்டும். யுனிகோட்டில் பழைய போட்டோஷொப் பாவிப்பவர்களுக்கு ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குள் 'வேர்ள்ட் ரெடி லேஅவுட்' என்பதைத் தெரிவுசெய்தால் சரியாகும். இன்க்ஸ்கேப் மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை, அது இலவசமும்கூட. பலூ தம்பி, கவிவனார் போன்ற எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, அச்சுக்கும் பாவிக்கலாம். 800 பிக்சல் அகலப் படத்தில் எழுத்து 34 பிக்சலுக்குக் குறையாமல் இருக்கட்டும். வரி இடைவெளி 1.3 மடங்கு, இல்லாவிட்டால் மேல்வரி உகரச் சுழி கீழ்வரி இகர விசிறியில் முட்டும். குமிழுக்குப் பத்துப் பன்னிரண்டு சொல்தான் தாங்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் குமிழை அகலமாக்கும்படி பென்சில் நிலையிலேயே சொல்லிவிடுங்கள்.

யாரும் தம் சித்திரக்கதையைப் போடக்கூடிய இணையத்தளமான வெப்டூன் கன்வஸில் ஏற்றும்போது ஒரு படம் 800க்கு 1280 பிக்சல், 2 எம்பிக்குள் இருக்க வேண்டும். மேலே சொன்ன 1600க்கு 2560 துண்டு அதன் சரி இருமடங்கு, பாதியாகச் சுருக்கினால் அப்படியே பொருந்தும். தொடராகப் போடுவதானால் நான்கு அத்தியாயம் கையிருப்பில் சேரும்வரை முதலாவதை வெளியிட வேண்டாம். ஓவியரின் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், போன் விழுந்து உடையும், வயல் வேலை வரும். கையிருப்பு இருந்தால் இரண்டு கிழமை சுணங்கினாலும் இருவருக்கும் இடையில் மனக்கசப்பு வராது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று திருப்பம், ஆறு முகபாவம் கொண்ட ஒரு தாள் கீறி வாங்கி வையுங்கள். அவர் விலக நேர்ந்தால் அடுத்தவர் அதைப் பார்த்துத் தொடர்வார்.

நான்கு பக்கம் முடிந்ததும் அச்சிலும் பாருங்கள். ஒரு ஏ4 தாளை இரண்டு பக்கமும் அடித்து நடுவில் மடித்தால் நான்கு ஏ5 பக்கம். தாளைக் கிடையாக வைத்து, ஒரு முகத்தில் இடப்பக்கம் 4, வலப்பக்கம் 1. மறுமுகத்தில் இடப்பக்கம் 2, வலப்பக்கம் 3. அடிக்கும்போது குறுகிய ஓரத்தால் திருப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உள்பக்கம் தலைகீழாக வரும். இருபது பிரதி எடுத்துப் பத்தை ஓவியர் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.